திக்கற்ற சிறாரும் தோட்டத்துத் தமிழரும்

மணிமேகலைக் காப்பியத்தைப் பயின்றோர் ஆபுத்திரனை மறவார். பெற்ற தாய் ஒரு தோட்டத்திலே இட்டுவிட்டுப் போன பிள்ளை அவன். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்விக்கெனக் கட்டிவைத்திருந்த பசுவை அவன் அவிழ்த்துச் சென்றபோது, ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்து விரட்டினர். விரட்டப்பட்டவன் மதுரையை அடைந்து, ஓடேந்தி இரந்து, கண்ணில்லார், காலில்லார், ஆதரவில்லார் அனைவரையும் கூவியழைத்து உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பின்புதான். நாட்டில் மழை பொழிந்து பசித்தோர் இல்லாது போகவே, சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு, அவன் அந்நாடு நோக்கிக் கப்பலேறினான்.

சாவகம் நமக்கு அயலிலுள்ள தீவு. கடல் கடந்த நாட்டுப் பசியைத் தன் பசியாக எண்ணிய முதல் தமிழ்க் கதைமாந்தன் நாம் வாழும் இப்பக்கம் நோக்கியே புறப்பட்டான் என்பது எண்ணத்தக்கது. இன்னொன்றும் எண்ணத்தக்கது. புலவர் அட்சய பாத்திரத்தை அரசன் கையிலோ வணிகன் கையிலோ முதலிற் கொடுத்தாரில்லை. கைவிடப்பட்ட ஒருவன் கையிலே கொடுத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் திக்கற்ற தமிழ்ப் பிள்ளைகளை யார் காத்தனர் என்று வரலாற்றைத் துருவிப் பார்த்தால், புலவர் கண்டது பொய்யன்று என்பது புலனாகும்.

தோட்டத்திற் பிறந்தோர்க்கு ஆயா கொட்டகையைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. நகரத்து அன்பர்களுக்காகச் சில சொற்கள். பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டுத் தாயும் தந்தையும் வெட்டுக்காட்டுக்குப் போய்விடுவர். கைக்குழந்தைகள் லயத்தோரத்துக் கொட்டகையில் கிடக்கும். மரம் வெட்ட மாட்டாத முதியவள் ஒருத்தி வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருப்பாள். அவளே ஆயா. துரைமார் இக்கொட்டகையை அருள் சுரந்து கட்டினாரல்லர். தாயின் இரு கைகளும் பால் மரத்துக்கு வேண்டியிருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்று விதித்தது. சட்டம் இருந்தது; பல தோட்டங்களிற் பள்ளியும் இருந்தது. பள்ளியென்றால் என்ன பள்ளி! கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியராக அமர்வார். ஏழு வயதிற் கற்ற அகர வரிசையைப் பத்து வயதிற் களையெடுக்கப் போய் மறந்தவர் எத்தனை பேர்!

இந்நிலையைத் தோட்டத் தமிழர் வாளா ஏற்றுக்கொண்டிருந்தனர் என்று நினைப்பது பிழை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை நம்மவர் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டுமே நினைவு கூர்கின்றனர். கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பார்த்தோர் அங்ஙனம் சொல்லார். சம கூலி வேண்டும் என்றனர், உண்மை. அதனோடு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். பிள்ளைக் கல்வியும் தந்தையின் மானமும் ஒரே தாளில் எழுதப்பட்டன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர். கல்வியைப் பிச்சையாகக் கேளாமல் உரிமையாகக் கேட்டதற்கு அன்று கிடைத்த விடை அது.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போயிற்று. ரப்பருக்கு வாங்குவாரில்லை, வேலை நின்றது, அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. பின்னர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைக்க ஆள் பிடிக்கத் தொடங்கினர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினர். ஆசைக்கு ஆள் சேராதபோது லாரி வந்தது. இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவை அடைத்து ஏற்றிச் சென்ற கதையைச் சொல்லும் முதியோர் பலரை நாம் கேட்டிருக்கிறோம். மலாயாவிலிருந்து போனவர் ஏறத்தாழ 78,000 பேர். அவருட் பெரும்பாலோர் தமிழர். மாண்டவர் ஏறத்தாழ 30,000 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. ஓடியவர், காணாமற் போனவர் என்று எழுதப்பட்டோருள் எத்தனை பேர் காட்டிலே மடிந்தனர் என்பதை அக்கணக்குச் சொல்லாது. 1943-இல் வாந்திபேதி அம்முகாம்களில் நெருப்பெனப் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. அவற்றிற் பெயர்கள் உண்டு. 1957-இல் வந்து உலகப் புகழ் பெற்ற குவாய் நதிப் பாலத் திரைப்படமும் அக்கைதிகளின் கதையே. நம்மவர் பெயரை எழுத ஒரு கல் அன்று நாட்டப்படவில்லை.

மாண்டவரைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இருந்த பிள்ளைகளைப் பற்றி எழுதியோர் சிலரே. தந்தை சயாமுக்குப் போனான். தாய் லயத்தில் இருந்தாள். வேலையில்லை, அரிசியில்லை, மருந்தில்லை. மலைக்காய்ச்சலும் ஆறாப் புண்ணும் தாயைக் கொண்டுபோயின. எஞ்சிய பிள்ளை என் செய்யும்? சில பிள்ளைகள் கால் போன வழியே கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் வந்து, கடைகளின் அஞ்சடியிற் படுத்து, குப்பையைக் கிளறித் தின்றன. போர்க்காலத்தில் இந்திய சுதந்திர லீக் கோலாலம்பூரில் ஓர் உதவி முகாம் நடத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண், பெண், சிறார் அங்கே உண்டு உறங்கினர். போரை நடத்தப் பொருள் திரட்டிய ஓர் இயக்கம், தன் கைப்பொருளில் ஒரு பகுதியைப் போருக்குதவாத கிழவருக்கும் குழந்தைகளுக்கும் செலவிட்டது. அவ்வியக்கத்தின் அரசியலைப் பற்றி அன்பர்கள் எவ்வாறு எண்ணினும், இச்செயலை மறைத்தல் முறையன்று.

ஆயினும் முகாம்கள் காத்தோர் ஒரு பகுதியினரே. லயங்களிலே நடந்தது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுக்காரி அப்பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு உட்கார வைத்தாள். அவள் வீட்டிலும் கிழங்குதான்; நால்வருக்கு அவித்ததை ஐவர் தின்றனர். தத்தெடுத்தல் என்ற சொல்லோ, முத்திரைத் தாளோ அங்கில்லை. சில தோட்டங்களில் ஆயா கொட்டகைக் கிழவியே தாயாக நின்றுவிட்டாள். வெள்ளைக்காரர் தொழில் நடக்கக் கட்டிய கொட்டகை, வெள்ளைக்காரர் ஓடிய பின்பு பிள்ளைகள் பிழைக்கக் கூடாரமாயிற்று. இவ்வாறு வளர்ந்தோர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணப்படாத காரணத்தால் அது நடவாததாகிவிடுமா?

போர் முடிந்ததும் உதவி பல திசையிலிருந்து வந்தது. 1946-இல் மலாயாவில் சமூக நலத் துறை தோன்றியது. போரால் சிதறிய குடும்பங்களும் திக்கற்ற சிறாருமே அதன் முதற் கவலை. அவ்வாண்டே இந்திய தேசிய காங்கிரசு ஒரு மருத்துவக் குழுவை இங்கு அனுப்பியது. புக்கிட் நானாஸ் கான்வென்டின் கன்னியர் போருக்கு முன்பே திக்கற்ற பெண்பிள்ளைகளை ஏற்று வளர்த்தவர். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர் 1904-இல் நிறுவிய விவேகானந்தர் ஆசிரமம், இரயில்வேக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் கல்வி தந்து வந்தது. அங்குப் படித்தோர் பெரும்பாலும் தாய் தந்தையுள்ள பிள்ளைகள். தோட்டத்து அநாதைக்கு அவ்வாயில் எளிதில் எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நகரத்துத் தமிழருக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் இடையே அக்காலத்தில் இருந்த தொலைவு கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் உள்ள இருபது மைல் மட்டுமன்று.

அத்தொலைவைக் கடக்க முயன்றோருள் சுவாமி சத்தியானந்தர் ஒருவர். 1949-இல் அவர் சுத்த சமாஜத்தை நிறுவினார். பூச்சோங் செல்லும் சாலையில் அதன் இல்லமும் பள்ளியும் எழுந்தன. சமயம் எதுவாயினும் மனிதர் ஒருவரே என்பது அவர் கொள்கை. சிங்கப்பூரிற் பிறந்த மங்களம் என்னும் இளம்பெண் இத்தொண்டிற் சேர்ந்தார். 1961-இல் சத்தியானந்தர் மறைந்தபோது, அவ்வில்லத்தோடு அதுவும் முடிந்தது என்று பலர் எண்ணியிருக்கக் கூடும். முடியவில்லை. அன்னை மங்களம் அதன் பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். 2010-இல் மெர்டேக்கா விருது பெற்றார். 2023-இல் தம் 97-ஆம் வயதில் மறைந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் பணம் அனுப்புதல் எளிது. அதே முற்றத்தில் எழுபது ஆண்டு நின்று, வந்த பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும்போது அங்கே இருத்தல் வேறு வகைச் செயல். இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் தகாது.

மாதந்தோறும் பணம் அனுப்பும் அம்முறை எங்ஙனம் தோன்றியது? அதுவும் போரின் பிள்ளையே. முதல் உலகப் போருக்குப் பின், தோற்ற நாட்டுக் குழந்தைகள் பட்டினியில் வாடக் கண்டு, ஆங்கில மாதாகிய எக்லாண்டைன் ஜெப் 1919-இல் குழந்தைகளைக் காக்கும் நிதியைத் தொடங்கினார். பகைவர் பிள்ளைக்குச் சோறா என்று கேட்டோர் பலர். அவர் எழுதிய சிறார் உரிமைச் சாசனத்தை 1924-இல் சர்வதேச சங்கம் ஏற்றது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937-இல், ஜான் லாங்டன் டேவிஸ் என்பார் ஒரு புது வழி கண்டார். இன்ன பிள்ளைக்கு இன்னார் வளர்ப்புப் பெற்றோர் என்று இணைத்து, படமும் கடிதமும் அனுப்பச் செய்தார். கொரியப் போருக்குப் பின் இம்முறை அமெரிக்காவில் பெருகியது. ‘ஆயிரம் பிள்ளைகள் பசித்திருக்கின்றனர்’ என்றால் கல்லாக இருக்கும் நெஞ்சம், ஒரு பிள்ளையின் பெயரையும் முகத்தையும் கண்டால் உருகுகிறது. இவ்வுண்மையின் மேல் கட்டப்பட்டதே அத்திட்டம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயில் அநாதைகளைத் தேடி அப்படி ஒரு படப்பெட்டி எந்த லயத்துக்கு வந்தது? முகம் காட்டப் படமில்லை. பெயர் எழுதச் செய்தித்தாள் இல்லை. பசி ஒன்றாயினும், உதவி படத்தைத் தொடர்ந்தே சென்றது. இது உதவியோர் மேற் குற்றமன்று. ஆயினும் படம் எடுக்கப்படாத பிள்ளை என்றும் உண்டு என்பதை மறத்தலாகாது.

இத்திட்டத்தால் நன்மை விளைகிறதா என்று ஐயுறுவோருக்கு ஆராய்ச்சி விடை கூறுகிறது. இந்தியா, உகாண்டா, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகளில் பதினாயிரம் பேரை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த கட்டுரை, புரவலர் துணை பெற்ற சிறார் மற்றவரினும் ஏறக்குறைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை மிகுதியாகப் பள்ளியிற் படித்தனர் என்று காட்டியது. ஓராண்டுக் கல்வி சிறிதன்று. ஆனால் நூல் நீளமானால் அறுவதும் எளிது. அக்கட்டுரை ஆராய்ந்த அதே அமெரிக்க நிறுவனம், அயல்நாட்டுப் பணம் பற்றிய இந்திய அரசின் தடையால் 2017-இல் அந்நாட்டை விட்டு வெளியேறியது. 1,40,000-க்கு மேற்பட்ட இந்தியப் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த துணை ஒரே நாளில் நின்றது. அரசு கூறிய காரணமும் நிறுவனம் கூறிய காரணமும் வேறு வேறு. அவற்றை ஆராய இங்கு இடமில்லை. இருவர் வழக்கிலும் கட்சி சேராத பிள்ளைதான் மதிய உணவை இழந்தது.

அயலாரைக் குறை கூறுமுன் நம் முற்றத்தைப் பார்ப்போம். தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று நாம் ஒரு சிறார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஊரைச் சொல்ல விரும்பவில்லை. அன்று மட்டும் மூன்று குழுவினர் வந்தனர். மூன்று முறையும் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடினர். மூன்று முறையும் பொட்டலம் வாங்கிக் கும்பிட்டனர். மூன்று முறையும் படம் எடுக்கப்பட்டது. மூன்றாம் முறை ஒரு சிறுவன் பாட்டின் நடுவே தூங்கி விழுந்தான். வந்தோர் சிரித்தனர்; நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். பின்னர் அலுவலறையிற் பேசியபோது, அவனுக்கு அவ்வாண்டு ஐந்து புதுச் சட்டை வந்ததாகவும், கணக்குப் பாடத்துக்குத் தனியாசிரியர் வைக்கப் பணமில்லை என்றும் அறிந்தோம். அவனுக்குத் தாய் உண்டு என்பதையும் அறிந்தோம். இரவு வேலை பார்க்கும் அவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விட்டுப் போயிருக்கிறாள்.

உலகெங்கும் இல்லங்களில் வாழும் சிறாருட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் உண்டு. அவரைப் பிரித்தது சாவன்று, வறுமை. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தல் ஆகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் வகுத்த நெறிமுறை சொல்கிறது. தோட்டத்து ஆயா கொட்டகை இருந்திருந்தால் அத்தாய் மகனை விட்டிருக்க வேண்டியதில்லை. தோட்டம்தான் இப்போது எங்கே? 1970-களுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுமனையும் தொழிற்பேட்டையும் ஆயின. லயம் போயிற்று, அதனோடு பள்ளியும் போயிற்று, ஆயாவும் போனாள். பல மாடிக் குடியிருப்பில் கதவடைத்துக்கொண்டு வாழும் குடும்பத்துக்கு நால்வர் சோற்றை ஐவராகத் தின்னும் அண்டை வீடு இல்லாது போயிற்று. நிலமிழப்பு என்று எழுதுவோர் இவ்விழப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

நம்மவர் வறியவராதலின் கொடுக்க மாட்டார் என்பது வீண் சொல். 1950-களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக் கழகத்துத் தமிழ்க் கல்விக்காக ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தோருட் பலர் பால்வெட்டுத் தொழிலாளரே. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. துண்டாடப்படாத தோட்டத்தில் பிள்ளையின் பள்ளி நிலைத்தது. அதையும் சிறார் உதவி என்று நாம் கொள்கிறோம்.

பணத்தாலும் சட்டையாலும் தீராத குறை ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாப் பிள்ளை இந்நாட்டில் அரைப் பிள்ளையாகவே நடத்தப்படுகிறது. பள்ளிச் சேர்க்கை, தேர்வு, மருத்துவமனை எங்கும் தாள் கேட்கின்றனர். பெற்றோர் திருமணத்தைப் பதியாமை, தோட்டத்தில் பிறந்ததைத் தெரிவியாமை, இலயம் மாறுகையில் பத்திரத்தை இழந்தமை ஆகிய பல காரணங்களால் நம்மவருட் பலர் தாளற்றோராயினர். 2011-இல் மைடஃப்தார் என்னும் பதிவு இயக்கம் நடந்தபோது வரிசையில் நின்றோரைக் கண்டவர் இக்குறையின் ஆழத்தை அறிவர். மலேசியா 1995-இல் சிறார் உரிமை உடன்படிக்கையிற் சேர்ந்தது. 2001-இல் சிறார் சட்டம் இயற்றியது. எனினும் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்துப் பதிவு அலுவலகத்துக்கு நான்கு முறை அழைத்துச் செல்லும் மனிதர் இன்றிச் சட்டம் தானே நடந்து வாராது. இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ரோஹிங்கியா, சின், இலங்கைத் தமிழ் அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியிற் சேர வழியின்றிச் சிறு கற்றல் நிலையங்களிற் பயில்கின்றனர். தாளற்றவர் துயரைத் தமிழருக்கு வேறெவர் விளக்க வேண்டும்?

கிள்ளானில் நாமறிந்த முதியவர் ஒருவர் உண்டு. தந்தை சயாமில் மாண்டார். தாய் முகம் நினைவில்லை. லயத்தில் அடுத்த வீட்டுக்காரி வளர்த்தாள். அவர் வாழும் குடியிருப்பில், எதிர் வீட்டுத் தாய் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுவாள். அவள் மகளைப் பள்ளியில் விட்டு வருபவர் இவரே. தேர்வுக் கட்டணத்தைச் சில வேளை கட்டுபவரும் இவரே. சென்ற ஆண்டு அப்பெண்ணைப் பள்ளியிற் சேர்க்கையில், பொறுப்பாளர் என்ன உறவு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. மாமா என்று போடலாமா, தாத்தா என்று போடலாமா என்று ஆசிரியை கேட்டாராம். “இல்லாத உறவை ஏன் எழுதணும் அம்மா?” என்று சொல்லிவிட்டு, முதியவர் பேனாவை வாங்கி, மலாயில் ஜிரான் என்று எழுதினார். அண்டை வீட்டார் என்பது அதற்குப் பொருள்.